லூயிஸ் பார்க்காத குழி

பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்த மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று வேளாங்கண்ணியைக் கேட்டால், சமையலை அடுப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லுவாள். அவள் புருஷன் லூயிஸ் அந்தத் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோடு போடுகிற இடத்திலும் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிற இடத்திலும் டேப்பைப் பிடித்து அளந்து, எம்-புக் என்று அவர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் எழுதி வைப்பதுதான் அவர் வேலை. தன் கண்ணால் பார்க்காத பள்ளத்தையும் தன் கையால் அளக்காத சுவரையும் அவர் அந்தப் புத்தகத்தில் ஏற்றினதே கிடையாது. காண்டிராக்டர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. ஊரில் அதற்காக அவருக்கு நல்ல பெயர். வீட்டில்தான் அந்தக் குணம் உயிரை வாங்கியது. இட்லி வெந்துவிட்டது என்று அவள் சொன்னால் போதாது, அவர் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தால்தான் வெந்தது.

அவர்களுக்கு ஒரே பையன், லெயோன். முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண்ணான கமீயைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனான். அங்கே ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை. கொரோனா வந்த இரண்டாம் வருடம், சித்திரை மாதத்தில், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் பதினோராம் நாள் இறந்துபோனான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. இங்கிருந்து யாரும் கிளம்ப முடியாத நேரம் அது. அடக்கத்தைக் கமீய்தான் போனில் காட்டினாள். மூடின பெட்டி, ஒரு சாமியார், தள்ளித் தள்ளி நின்ற நாலைந்து பேர், எல்லார் முகத்திலும் மாஸ்க். பெட்டியைத் தூக்கி இறக்கப் போகிற நேரத்தில் நெட் போய்விட்டது. படம் அப்படியே நின்றது. லூயிஸ் போனைத் தட்டினார், குலுக்கினார், எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். மறுபடி லைன் கிடைத்தபோது எல்லாம் முடிந்து, கமீய் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மூஞ்சியும் பாக்கல, குழியும் பாக்கல, ஒரு புடி மண்ணும் போடல. நான் எப்டி ஒத்துக்கிறது?" என்றார் லூயிஸ். அன்றைக்குச் சொன்னவர்தான். நாலரை வருடமாக அதே பேச்சு. பையன் எங்கே என்று யாராவது கேட்டால், "பிரான்சுல இருக்கான்" என்பார். புதுச்சேரியில் இந்தப் பதிலுக்கு மறு கேள்வி கிடையாது. தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், ஜூலை ஆகஸ்டில் வக்கான்சு என்று லீவு போட்டு வந்து, வெயிலைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். "இந்த வருசம் வக்கான்சுக்கு வர்றானா?" என்று யாராவது கேட்டால் மட்டும், "தெரியல" என்பார். கமீய் அனுப்பிய கல்லறைப் படத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வேளாங்கண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பாள். அவர் சொல்லி முடித்ததும் சண்டையைத் தொடங்குவாள். அவள் அழுதால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். "செத்தவனுக்கு அழுவு. இருக்கிறவனுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்று வாசலில் இருந்து குரல் வரும். அதனால் அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழப் பழகியிருந்தாள். கடவுளிடம் அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளைக்காக அப்பனும் ஆத்தாளும் ஒரே ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து அழ வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளிலும் அதே கதைதான் நடந்தது. லூயிஸ் தன் அப்பா அம்மா கல்லறைக்குத் தானே சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்தினார். கல்லறைத் தோட்டத்து நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேற்றூரில் புதைக்கப்பட்டவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள். வேளாங்கண்ணி முந்தானைக்குள் மறைத்து ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுபோய் அங்கே ஏற்றினாள். திரும்பினால் பின்னால் லூயிஸ் நிற்கிறார். வீடு வரைக்கும் பத்தடி முன்னால் நடந்து போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து லினெட் டீச்சர் வந்தாள். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. நவம்பர் மாதப் பூசைகளில் வாசிப்பதற்காக, இறந்தவர்கள் பெயரை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள். வேளாங்கண்ணி ஆறு பெயர் எழுதினாள். ஏழாவதாக லெயோன் என்று எழுதப்போகும்போது லூயிஸ் அந்தச் சீட்டை இரண்டாகக் கிழித்துவிட்டார்.

லினெட்டுக்கு முகம் செத்துப்போயிற்று. பேச்சை மாற்றுவதற்காகத்தான் அவள் அந்த மியூசியத்தைப் பற்றிச் சொன்னாள். கடற்கரைக்குப் போகிற வழியில், பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து, நவீனக் கலைக்கூடம் என்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து குழுவில் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்றாள். "லூயிஸ் அண்ணே, நீங்களும் வர்றீங்க," என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். சீட்டைக் கிழித்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, லூயிஸும் தலையாட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் போனார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள், பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அப்படியே வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. வாசலில் நீலச் சட்டைக் காவலாளி ஒருவர், "எதயும் தொடாதீங்கம்மா, போட்டோ எடுக்கலாம், பிளாஷ் வேணாம்," என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். சட்டையில் காத்தவராயன் என்று பெயர் இருந்தது.

முதல் அறையில் கூரையிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் தொங்கின. நூறா, இருநூறா தெரியவில்லை, அத்தனையும் நூல் கட்டி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. "ஒரு டம்ளர் தொலஞ்சாலே நாங்க வீட்ட ரெண்டாக்கிடுவோம்," என்றாள் ஒருத்தி. அடுத்த அறை இருட்டு. பெரிய திரையில் ஓர் ஆள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தான். வேளாங்கண்ணி அவன் உரித்து முடித்து என்ன செய்யப்போகிறான் என்று பொறுமையாக நின்று பார்த்தாள். அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான். மூன்றாவது அறையில் சுவர் நிறைய ஒரே நீலம், வேறு ஒன்றுமே இல்லை. லூயிஸ் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாய்வாகப் பார்த்தார். "ரெண்டு கோட்டு பெயிண்டுதான் அடிச்சிருக்கான். மூணு அடிக்கணும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்க வைத்து எத்தனை நாளாயிற்று என்று வேளாங்கண்ணி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நீலம் பிடித்திருந்தது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கடைசி அறைதான் பெரியது. அதன் நடுவில், பலகையால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டியிருந்தார்கள். ஏறுவதற்கு நாலு படி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும் என்று எழுதியிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் மேடையின் மத்தியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், பள்ளத்தின் கரையில் செம்மண் குவியல். அவ்வளவுதான். சுவரில் இருந்த சின்ன அட்டையை லினெட் வாசித்தாள். "தலைப்பு இல்ல. மண்ணு, மரம். அதான் போட்டிருக்கு."

தலைப்பு எதற்கு? பார்த்தவுடனே பதினேழு பேருக்கும் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் அத்தனை பேரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்தவர்கள். சிரிப்புச் சத்தம் தானாக அடங்கியது. ஒருத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். வரைந்தவரோ செய்தவரோ யார் என்று தெரியாது, அவர் மனதில் என்ன இருந்ததோ அதுவும் தெரியாது. ஆனால் வெட்டிய குழியை எதிரில் வைத்துக்கொண்டு, இது கலையா இல்லையா என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

லூயிஸ் குழியின் விளிம்பில் போய் நின்றார். சாவிக் கொத்தில் எப்போதும் தொங்குகிற சின்ன டேப்பை உருவினார். வேளாங்கண்ணிக்கு வெட்கமாகப் போயிற்று. "ஏங்க, இங்கியுமா?" என்று கிசுகிசுத்தாள். அவர் காதில் விழவில்லை. குந்தி உட்கார்ந்து நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். டேப்பை உள்ளே விட்டு ஆழத்தைப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டாமல் கையில் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஆறடி மூணு அங்குலம். அவன் அஞ்சே முக்காலு. பெட்டியோட சேத்தா சரியா இருக்கும்," என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. லூயிஸ் எழுந்தார். குவியலில் குனிந்து வலது கை நிறைய மண்ணை அள்ளினார். "அண்ணே, தொடக் கூடாது," என்று லினெட் சொல்லி வாய் மூடவில்லை, அவர் கையைக் குழிக்கு மேலே நீட்டித் திறந்துவிட்டார்.

அடியில் பலகை இருந்திருக்க வேண்டும். மண் அதில் விழுந்து தொப்பென்று சத்தம் கேட்டது. பெட்டியின் மேல் மண் விழுகிற சத்தம் அது. உறவிலும் தெருவிலும் எத்தனை அடக்கத்தில் அதைக் கேட்டிருக்கிறாள் வேளாங்கண்ணி! அன்றைக்குப் போனில் கேட்காமல் போன சத்தம், நாலரை வருடம் கழித்து இந்தக் குளிர் அறையில் வந்து கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் மண் போட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது நம் சனத்தில் கிடையாது. பகையாளி வீட்டுச் சாவாக இருந்தாலும் குழி வரைக்கும் போய்விட்டால் ஒரு பிடி போட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். முக்காடு போட்டவள் முதலில் குனிந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. யாரும் சொல்லாமலே படியிலிருந்து வரிசை கட்டிவிட்டது. மரித்தோருக்கான செபத்தை யாரோ மெல்ல எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, குனிந்து, மண்ணை அள்ளிப் போட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். சட்டம் பேசுகிற லினெட் டீச்சர் அந்த வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றாள்.

சத்தம் கேட்டுக் காத்தவராயன் ஓடி வந்தார். "ஐயையோ, இன்னாம்மா பண்றீங்க? தொடாதீங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! என் வேலைக்கு உல வச்சிட்டீங்களே!"

லூயிஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார். "எம் பையனுக்குப் போட்டேங்க. நான்தான் தொடங்குனேன். எழுதறதுன்னா என் பேர எழுதிக்குங்க."

"இது ஆர்ட்டுங்க, சார்."

"தெரியும். அங்க என்னால போவ முடியல."

"எங்க?"

"பிரான்சுல. புதச்சிட்டாங்க. நாலரை வருசம் ஆவுது."

புதைத்துவிட்டார்கள் என்ற சொல் லூயிஸ் வாயிலிருந்து வந்ததை வேளாங்கண்ணி கேட்டாள். காத்தவராயன் குழியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் கனகசெட்டிக்குளம். கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் கரைக்குத் திரும்புவதில்லை என்று தெரிந்த ஊர் அது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்க பக்கம் மூணு புடி போடுவோம்," என்றார். பிறகு வாசலுக்குப் போய், உள்ளே வரப்பார்த்த ஒரு கூட்டத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

கலைக்கூடத்துக்குப் பொறுப்பான பெண் வந்தபோது வரிசை முடியும் நேரம். சுடர்விழி என்று பெயர், முப்பது வயது இருக்கும். மேடையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். குவியல் பாதி சிதறிக் கிடந்தது, பளபளவென்று இருந்த பலகை எல்லாம் செம்மண் காலடிகள். "இத செஞ்சவங்க அந்த மண்ண ஒரு மாசம் யாரும் கலைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று அழமாட்டாத குறையாகக் கேட்டாள். காத்தவராயன் அவளைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார். அவள் திரும்பி வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் சுவரோரமாக நின்றாள். சின்னப் பெண், என்ன செய்வாள் பாவம்.

"வேளா, நீ போடலியே," என்றார் லூயிஸ்.

அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். பதினாறு பேர் போட்டாயிற்று. பெற்றவள் மட்டும் போடவில்லை. வரிசை அவளுக்கு வழி விட்டது. வேளாங்கண்ணி போனாள். குனிந்து அள்ளினாள். மண் ஈரமில்லாமல், சில்லென்று இருந்தது. குழிக்கு மேலே கையை நீட்டினாள். விரல் திறக்கவில்லை.

இதுவரைக்கும் அவள் நினைத்திருந்தது வேறு. இந்த மனுஷன் ஒரு தடவை மனம் இளகி ஒத்துக்கொண்டால் போதும், தன் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இளகிவிட்டார். ஊரறிய மண்ணும் போட்டுவிட்டார். பாரம் இறங்கவில்லை, காலுக்குக் கீழே இருந்ததை யாரோ உருவிக்கொண்டதுபோல இருந்தது. பிள்ளை சாகவில்லை என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் திட்டிக்கொண்டே, அதன் மேல் சாய்ந்துதான் அவள் இத்தனை வருடம் நின்றிருக்கிறாள். அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆண்டவரே, எவ்வளவு பெரிய கள்ளியாக இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

"போடு, வேளா. அம்மா போடணும்."

"இனிமே யாருங்க சொல்லுவாங்க?"

"இன்னா சொல்லணும்?"

"அவன் பிரான்சுல இருக்கான்னு. யாராவது கேட்டா இனிமே யாரு சொல்லுவாங்க?"

அவள் நீட்டிய கையின் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மண் உதிர்ந்தது. பின்னால் யாரோ, "அக்கா, கண்ண மூடிக்கினு போட்டுடு," என்றார்கள். லூயிஸ் அவர்களைப் பேச வேண்டாம் என்று கைகாட்டினார். அவளை அவசரப்படுத்தவில்லை. நாலரை வருடம் அவரை யாரும் அவசரப்படுத்தி ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவர் தன் உள்ளங்கையை விரித்து அவள் கைக்குக் கீழே கொண்டுபோனார்.

"குழியில போட வேணாம். என் கையில குடு," என்றார்.

அதற்கு அவள் விரல் திறந்தது. ஒவ்வொரு விரலாகத்தான் திறந்தது. மண் முழுக்க அவர் கைக்கு வந்து சேர்ந்தது. லூயிஸ் முட்டி போட்டு உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயசு மூட்டு, சத்தம் கேட்டது. மண்ணை மேலிருந்து கொட்டாமல், கையைக் குழிக்குள் எட்டின மட்டும் இறக்கி, சத்தமே இல்லாமல் வைத்தார்.

"அம்மா போட்டாச்சி," என்றார் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி.

வேளாங்கண்ணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுத அழுகை இல்லை அது. லெயோனு, லெயோனு என்று பெயரைச் சொல்லி, மேடையில் அப்படியே உட்கார்ந்து, வெங்காயம் உரிக்கிற அறை வரைக்கும் கேட்கும்படி அழுதாள். லினெட் பக்கத்தில் வரப்பார்த்தாள், வரவில்லை. காத்தவராயன் கதவை இழுத்துச் சாத்தினார், சுடர்விழி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவது லூயிஸின் வழக்கம். அவர் போகவில்லை. மண் ஒட்டிய கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் இடிக்க, அவரும் அழுதார்.